லாரி நின்ற இடத்தில் இரண்டு அறைகள்

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, மே மாதம் முதல் வாரம், ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணிக்குக் கோமளா கிணற்று மோட்டாரைப் போட்டாள். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு ஒரு குடம் சேற்றுத் தண்ணீரைக் கக்கிவிட்டு நின்றது. டேங்கர் லாரி ஓட்டி வந்த குணசேகரன் கையில் ஹோஸைப் பிடித்தபடி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான்.

“தரை தெரியுதுக்கா. ஒரு மணி நேரம் உட்டா ஊறிடும். நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்.”

“டீ குடிக்கப் போ. திரும்பி இங்க வராத,” என்றாள் கோமளா.

“இன்னாக்கா, கோச்சிக்கினியா?”

“உம்மேல கோவம் இல்லப்பா. இன்னியோட சரி. எங்க மொறையில இனிமே லோடு கெடையாது.”

குணசேகரன் சிரித்தான். இரண்டு நாளில் கூப்பிடுவாள் என்று நினைத்தான். அவள் கூப்பிடவில்லை.

திருமழிசையில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, தொழிற்பேட்டையின் கடைசிக் கம்பெனிச் சுவரை ஒட்டிய மண் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் அவர்கள் நிலம். ஒரு ஏக்கர் அறுபது சென்ட். கீரைப் பாத்திகள், நாற்பது கொய்யா மரங்கள், கால் ஏக்கர் மல்லி, இரண்டு மாடுகள். கோமளாவின் கணவன் அழகேசன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டினான். கிணற்றுக்கு அந்தப் பக்கம் அதே அளவு நிலம் அவன் அண்ணன் ஹேமநாதனுடையது. சொத்தைப் பிரித்தபோது நிலத்தைப் பிரிக்க முடிந்தது, கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. அதனால் முறை வைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி தம்பிக்கு. செவ்வாய், வியாழன், சனி அண்ணனுக்கு. ஞாயிறு மாற்றி மாற்றி.

சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளெல்லாம் வெடித்துக் கிடந்த இரண்டாயிரத்துப் பத்தொன்பது கோடையில்தான் லாரிகள் முதலில் வந்தன. ஒரு நாளைக்குப் பத்து லோடு, பன்னிரண்டு லோடு. கீரைக் கட்டைத் தூக்கிக்கொண்டு குமணன்சாவடி வரை போக வேண்டியதில்லை. சுவிட்சைத் தட்டினால் போதும். வீட்டுக்குத் தளம் போட்டது அந்தப் பணம்தான். மகள் ரோஷினியை ஆவடிப் பக்கம் கல்லூரியில் சேர்த்ததும் அதுதான். அது கெட்ட பணம் என்று கோமளா ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் மூன்றாவது வருடம் கொய்யா பிஞ்சிலேயே உதிர ஆரம்பித்தது. மல்லிச் செடி மஞ்சளடித்தது. அதற்கு மேல் ஒரு சண்டை வேறு. ஹேமநாதனின் லாரி ஹோஸ் ஒருநாள் கோமளாவின் மல்லி வரிசைக்கு நடுவே இழுத்துப் போடப்பட்டு முப்பது செடி நசுங்கியது. கேட்கப் போனபோது ஹேமநாதனின் மனைவி சுலோசனா, “ரெண்டு மொழம் பூவுக்கு இந்தப் பேச்சா?” என்றாள். “நீ தண்ணிய வித்து வளையல் வாங்கிகினு கீற, உனக்குப் பூ எதுக்கு?” என்றாள் கோமளா. தானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கும் பேச்சில்லை.

சேற்றைக் கக்கிய அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு வீட்டில் கை வறண்டது. அழகேசன் கோபப்படவில்லை; கேள்வி மட்டும் கேட்டான். “சரி, நிறுத்திட்ட. அடுத்து இன்னா பண்றதா கீற?”

“தெரியல,” என்றாள். அது உண்மை.

பதில் ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஸ்கூட்டரில் வந்தது. ஓட்டி வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் ஆறு வயது மகள். கோமளா முதலில் ஏதோ ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்தவர் என்று நினைத்துச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நான் கிருஷ்ணப்பிரியாங்க. பூந்தமல்லிகிட்ட அபார்ட்மென்ட். அசோசியேஷன் செகரட்டரி,” என்றாள் வந்தவள். கரூரிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து பத்து வருடமாம், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். “நேத்து வந்த லாரித் தண்ணியில மண் வாசனை. நூத்தியெண்பது வீட்டுலயும் சத்தம். டிரைவர்கிட்ட எங்கிருந்து எடுக்கறீங்கன்னு கேட்டேன், இந்த இடத்தைச் சொன்னார். பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேங்க.”

“நேத்து ஓடினது எங்க மச்சாண்டாரு லோடு. நாங்க நிறுத்திட்டோம்மா,” என்று சொல்லி, கோமளா அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். கிருஷ்ணப்பிரியா நெடுநேரம் உள்ளே பார்த்தாள்.

“இவ்வளவுதான் தண்ணியா?”

“இவ்ளோதான். இதுல நீங்களும் குளிக்கணும், என் கீரையும் குளிக்கணும்.”

அதற்குள் பின்னால் பெரிய சத்தம். அன்று ஞாயிறு முறை கோமளாவுக்கு. கீரைக்குப் பாய்ச்சுவதற்காகச் சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டரில் வந்த குழந்தை சட்டையோடு தொட்டிக்குள் இறங்கிக் குழாய்க்கு நேராகத் தலையைக் கொடுத்து நின்றது. தாய் கத்தினாள். குழந்தை வெளியே வர மறுத்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தத் தண்ணீர் தொட்டி நிரம்பி வாய்க்காலில் இறங்கி, தன் போக்கில் சிறுகீரைப் பாத்திக்குப் போய்க்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது கிருஷ்ணப்பிரியா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அக்கா, இங்க ஒரு நாள் தங்க முடியுமா? காசு குடுத்துடறோம்.”

“இங்கயா? இங்க இன்னா கீது?” என்றாள் கோமளா.

அந்தக் கேள்வியை அவள் பிறகு ஒரு வாரம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

லாரி ஹோஸும் பழைய மோட்டாரும் போட்டு வைத்திருந்த ஷெட் ஒன்று கிணற்றடியில் இருந்தது. அதைக் காலி செய்து அறையாக்கலாம் என்று அவள் சொன்னபோது அழகேசன் வாய்விட்டுச் சிரித்தான். “நம்ம ஊட்ல சொந்தக்காரங்களே ஒரு ராத்திரி தங்க மாட்டேன்றாங்க. துட்டு குடுத்துத் தங்க ஒருத்தர் வருவாங்களா?” சிரித்தவன்தான் அடுத்த இரண்டு விடுமுறை நாளும் சிமெண்ட் குழைத்து உள்பூச்சுப் பூசினான். லாரிப் பணத்தில் மிச்சம் இருந்ததைப் போட்டு, பின்பக்கம் கக்கூசும் குளியலறையும் கட்டினார்கள். சூட்டுக்குத் தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். கட்டில் குமணன்சாவடியில் வாங்கியது.

ஆகஸ்டில் கிருஷ்ணப்பிரியா கணவனோடும் குழந்தையோடும் வந்தாள். கோமளா மூன்று நாள் யோசித்து, நகரத்துக்காரர்களுக்கு என்ன பிடிக்கும் என்று ரோஷினியைக் கேட்டு, கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ், பிரெட், ஜாம் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். கட்டிலுக்கு மேலே பிளாஸ்டிக் பூத் தோரணம். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கிருஷ்ணப்பிரியாவின் கணவன் அடுப்படிப் பக்கம் மூக்கை உறிஞ்சினான்.

“அது என்னங்க வாசனை?”

“அது எங்களுக்கு. கருவாட்டுக் கொழம்பும் களியும். நீங்க இத சாப்புடுங்க.”

“நாங்க அதையே சாப்பிடலாமா?”

கடைசியில் விருந்தாளிகள் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட, வீட்டுக்காரர்கள் மூவரும் கோபி மஞ்சூரியன் சாப்பிட்டார்கள். மற்றபடி அந்த இரவு நன்றாகப் போகவில்லை. கரண்ட் போனது. கொசு பிடுங்கியது. வாய்க்காலில் தவளைகள் கத்தியதில் குழந்தை பயந்து அழுதது.

காலையில் கிருஷ்ணப்பிரியா மாட்டுக் கொட்டகைக்கு வந்து, கோமளா பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “மனசுல வெச்சுக்காம சொல்லட்டுங்களா?” என்று ஆரம்பித்தாள். கொசுவலை வேண்டும். இன்வெர்ட்டர் வேண்டும். குளியலறையில் தாழ்ப்பாள் சரியில்லை. பிளாஸ்டிக் பூ வேண்டவே வேண்டாம். வெளியே கால் ஏக்கர் மல்லியை வைத்துக்கொண்டு இது எதற்கு. “ஆனா ஒண்ணுக்கா. காலையில அஞ்சரைக்கு நீங்க மல்லி பறிக்கப் போனீங்கல்ல, நானும் பின்னாடியே வந்தேன். ஒரு மணி நேரம் போனைப் பார்க்கலைங்க. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.”

பேசிய பணத்துக்கு மேல் ஐந்நூறு வைத்துவிட்டுப் போனாள். கோமளா அந்த ஐந்நூறுக்கு அன்றே கொசுவலை வாங்கினாள்.

அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருவர் சொல்ல ஒருவர் வந்தார்கள். அறையின் படங்களை ரோஷினி இணையத்தில் ஏற்றினாள். மாதத்துக்கு இரண்டு குடும்பம், பிறகு வாரத்துக்கு ஒன்று. அடுத்த ஏப்ரலில் பழைய கன்றுக்குட்டிக் கொட்டிலை இரண்டாவது அறையாக்கினார்கள். கோமளா ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். ஆதார் பார்க்காமல் சாவி கொடுக்கக்கூடாது. ‘அரை நாள்தான், பாதிப் பணம்’ என்பவர்களிடம் இளகக்கூடாது. போனில் ஒருவன், “ஆன்ட்டி, பேச்சுலர்ஸ் எட்டுப் பேர், சரக்கு அலவ்டா?” என்று கேட்டபோது முதலில் தடுமாறியவள், மூன்றாவது முறை யாரோ கேட்டபோது, “இங்க பாம்பு கூட வரும் தம்பி. சரக்கு வரக் கூடாது,” என்றாள்.

நீச்சல் குளம் கட்டினால் கூட்டம் அள்ளும் என்று அழகேசனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நீலக் கல் பதித்த குளத்தின் படத்தைப் போனில் கொண்டு வந்து காட்டினான்.

“அது அவங்க அபார்ட்மென்ட்லயே கீதுங்க. அத உட்டுட்டுத்தான் நம்ம தொட்டிக்கு வர்றாங்க,” என்றாள் கோமளா. பேச்சு அதோடு முடிந்தது. வந்த பணத்தில் என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் செய்வது, வராத பணத்தை நம்பி ஒரு செங்கல்கூட வைப்பதில்லை என்று அவள் முடிவாக இருந்தாள்.

சிக்கல் சனிக்கிழமையில் இருந்தது. விருந்தாளிகள் வருவது சனி, ஞாயிறு. கிணற்று முறையில் சனிக்கிழமை ஹேமநாதனுடையது; தன் ஞாயிறு முறையில் அவன் மரங்களுக்குப் பாய்ச்சுவதோடு சரி, லோடு எடுப்பதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே முதல் லாரி பின்பக்கமாக வரும். ரிவர்ஸ் சத்தம், டிரைவரின் பாட்டு, மோட்டார், ஹோஸ் உருட்டும் ஓசை. வெள்ளி இரவே வந்து தங்கிய ஒரு குடும்பம் இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதியது: ‘அமைதியான இடம் என்று போட்டிருப்பது பொய். விடியுமுன் லாரி வந்துவிடுகிறது.’

ரோஷினிக்கு அழுகை வந்தது. “நம்ம மேல தப்பே இல்லம்மா. பதிலுக்கு நல்லா எழுதிடலாம்.”

“இன்னா எழுதுவ? லாரி வரலன்னா? வருதே,” என்றாள் கோமளா. யோசித்துவிட்டு, அமைதி என்ற வார்த்தையை எடுத்துவிடச் சொன்னாள். அதற்குப் பதிலாக உள்ளதை உள்ளபடி போடச் சொன்னாள்: சனிக்கிழமை விடியற்காலை தண்ணீர் லாரி வரும், பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும், தவளை கத்தும். அந்த மாதம் புக்கிங் பாதியாகக் குறைந்தது. ஆனால் வந்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு லாரியைப் பற்றி எழுதவில்லை.

அந்த டிசம்பர் புயல் மழையில் எட்டு நாள் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். கக்கூசுத் தொட்டி நிரம்பி, அறைக்குள் வாடை. பணம் கட்டியிருந்த நான்கு குடும்பத்துக்கும், அவர்கள் கேட்காமலேயே, கோமளா பணத்தைத் திருப்பி அனுப்பினாள். கீரை முழுக்க அழுகிப் போனது. தண்ணீர் வடிந்த அன்று அழகேசனும் அவளும் அறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு நிலத் தரகர் வந்து, வாசலில் நின்றபடியே ஒரு விலை சொன்னார். பெரிய விலைதான். அழகேசன் துடைப்பத்தைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தான்.

“பொங்கலுக்கு ஆள் வராங்க. அதுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சிடணும்,” என்றாள் அவள், தரகர் காதிலும் விழும்படி. பணம் திரும்பப் பெற்ற நான்கு குடும்பத்தில் மூன்று சேர்ந்து, இரண்டு அறையையும் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லி, பொங்கல் லீவுக்கு மறுபடி புக் செய்திருந்தன. பன்னிரண்டு பேர். அதுவரை அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் வந்ததில்லை.

சமையலுக்குக் கைத்துணையாகப் பக்கத்துத் தெரு நாகம்மாள் வந்துகொண்டிருந்தாள். சரியாகப் பொங்கலுக்கு மறுநாள் காலை அவள் மகளுக்குப் பிரசவ வலி கண்டு, நாகம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மணி எட்டு. விருந்தாளிகள் பதினொரு மணிக்கு வந்துவிடுவார்கள். ஏரியில் பிடித்த விரால் மீன் ஐந்து கிலோ ஒரு கூடையில் கிடந்தது. கோமளாவுக்குக் கீரை, குழம்பு, களி வரும். மீன் சுமாராகத்தான் வரும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மீன் குழம்பு என்றால் யார் கை என்று எல்லோருக்கும் தெரியும்.

கூடையைத் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றி வரப்பில் நடந்தாள். சுலோசனா வீட்டுப் பின்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்து அலசினாள்.

“அக்கா,” என்றாள் கோமளா. மூன்று வருடத்துக்குப் பிறகு வாயில் வந்த சொல். “அன்னிக்கு வளையல் பேச்சு நான் பேசியிருக்கக் கூடாது.”

சுலோசனா ஒரு சட்டையைப் பிழிந்து உதறினாள்.

“நாகம்மா வரல. பன்னெண்டு பேரு வராங்க. எனக்கு வெரால் சரியா வராது.”

இன்னொரு சட்டை. அதையும் பிழிந்தாள். பிறகு கூடைக்குள் பார்த்தாள்.

“புள்ளைங்க எத்தினி?”

“நாலு.”

“அப்ப காரம் கொறச்சித் தனியா ஒரு சட்டியில வெக்கணும்,” என்று சொல்லி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “புளி ஊற வெச்சியா, அதுவும் இல்லியா?”

மதியம் பன்னிரண்டு பேரும் கொய்யா மரத்தடியில் பாய் விரித்து இலை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு பெண்மணி இரண்டாவது முறை குழம்பு கேட்டாள், மூன்றாவது முறையும் கேட்டாள். “இது யாருங்க சமைச்சது? அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்,” என்றாள். சுலோசனா அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, அங்கிருந்து நகர மறுத்தாள். கடைசியில் அந்தப் பெண்மணியே எழுந்து போய், எச்சில் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, “உங்க பேர் என்னங்க?” என்று கேட்டாள்.

“சுலோசனா,” என்றாள். முப்பது வருடமாக அவள் குழம்பைச் சாப்பிட்டவர்கள் யாரும், இதற்காக அவள் பெயரைக் கேட்டதில்லை.

சாயங்காலம் கோமளா அவள் பங்கு என்று பணத்தை எடுத்து வந்தாள். சுலோசனா வாங்கிக்கொள்ளத் தயங்கவில்லை. எண்ணவும் இல்லை. இடுப்பில் செருகியபடி, “அடுத்த சனிக்கிழம எத்தினி பேரு?” என்றாள்.

இரண்டு மாதத்தில், விருந்தாளிகள் போன் செய்யும்போதே ‘மீன் குழம்பு உண்டா’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஹேமநாதனுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் கிணற்றடியில் கோமளாவை நிறுத்தினான்.

“எம்பொண்டாட்டிய உன் பக்கம் இஸ்துகினு போயிட்ட. அடுத்து லாரிய நிறுத்தச் சொல்லுவ. அதானே?”

“நிறுத்தச் சொல்லல மாமா. சனிக்கிழம விடிகாலையில மட்டும் வேணாம். அந்த லோட வெள்ளிக்கிழம எடுத்துக்கோங்க. எங்க மொறைய உட்டுத் தரேன்.”

“பையன் கோயமுத்தூர் ஆஸ்டல்ல கீறான். மாசம் பொறந்தா அவனுக்கு அனுப்பணும். லாரி எனக்கு நாளைக்கும் வரும், நாளான்னிக்கும் வரும். உன் கூட்டம் வருமா? ஒரு மழ பெஞ்சா ஓடிடும்.”

அவன் சொன்னதில் தவறில்லை. டிசம்பரை அவளும் மறக்கவில்லை. கோமளா திரும்பி வந்தாள். பதில் சொன்னது சுலோசனா. அன்று வீட்டில் கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, “சனிக்கிழம காலையில லாரி வந்தா, சனிக்கிழம ராத்திரி இந்த ஊட்ல ஒல வெக்க மாட்டேன்,” என்றாளாம். ஹேமநாதன் அதை விளையாட்டு என்று நினைத்தான். அந்தச் சனிக்கிழமை திருமழிசை ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டான். அதற்கடுத்த சனிக்கிழமை லாரி வரவில்லை.

அவன் மாறியது பேச்சால் அல்ல. மே மாதம் வந்தது. நாற்பது அடியில் தரை தெரியும் என்று எதிர்பார்த்து எட்டிப் பார்த்தவனுக்கு, பத்தடி ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்பது தெரிந்தது. தம்பி முறையில் லோடு எடுக்காத இரண்டு வருடம், தன் முறையில் குறைந்த சனிக்கிழமைகள், நல்ல மழை எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அவன் பக்கத்து மாமரங்கள் ஐந்தும் அந்த வருடம் காய்த்துத் தொங்கின. விருந்தாளிக் குழந்தைகள் வரப்பைத் தாண்டி வந்து அண்ணாந்து பார்த்தன. முதல் நாள் விரட்டினான். இரண்டாம் நாள் அலக்குக் கழியை எடுத்து வந்து பறித்துக் கொடுத்தான். மூன்றாம் வாரம், “கோமளா, அந்த மாமரத்துக்கடியில ஒரு ரூமு போட்டா நிக்குமா?” என்று கேட்டான்.

“தாராளமா நிக்கும் மாமா. உங்க பக்கம்தான் நெழல் ஜாஸ்தி.”

“அப்ப அதுல வர்றது எனக்கு.”

“உங்களுக்குத்தான். சாப்பாடு மட்டும் ஒரே அடுப்பு.”

மூன்றாவது அறை கட்டி முடிந்தபோதும் அவன் வாரத்தில் இரண்டு நாள் லோடு ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். பையனுக்குக் கடைசி வருடப் பணம் கட்டியான பிறகு, இந்த வருடம் பிப்ரவரியில், யாரிடமும் சொல்லாமல் ஹோஸைச் சுருட்டிக் குணசேகரனிடமே விலைக்குக் கொடுத்துவிட்டான். கோமளாவுக்கு இது குணசேகரன் சொல்லித்தான் தெரிந்தது.

கிணறு நிரம்பி வழிகிறது என்று சொன்னால் பொய். மேற்கே இன்னும் மூன்று கிணறுகளில் லாரி நிற்கிறது. கிருஷ்ணப்பிரியாவின் அபார்ட்மென்ட்டும் கோடையில் லாரித் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. மொட்டை மாடி மழைநீரைத் தொட்டியில் இறக்க அவள் மூன்று வருடமாகக் கூட்டத்தில் சண்டை போட்டு, இப்போதுதான் பாதி வேலை நடந்திருக்கிறது. தரகர் மாதம் ஒருமுறை போன் செய்கிறார். விலை ஏறிக்கொண்டே போகிறது.

ஆனால் மூன்று அறைகளும் சனி, ஞாயிறுகளில் காலியாக இருப்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம், சாப்பாடு சேர்த்து. வார நாளில் என்ன செய்வது என்று முதலில் தெரியாமல் இருந்தது. பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை குறைந்த வாடகைக்கு வந்தார்கள். கொய்யா மரத்தடியில் மேஜை போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசுகிறவர்களைச் சுற்றிக் கோழி மேய்கிறது. மாதம் இரண்டு பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் கூட்டி வருகின்றன. கிளம்புகிற ஒவ்வொரு காரின் டிக்கியிலும் கீரை, கொய்யா, மல்லி, நெய் ஏறுகிறது. அதில் கிடைப்பது அறை வாடகையில் பாதிக்கு வந்துவிடுகிறது. குமணன்சாவடி மார்க்கெட்டில் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவள், இப்போது தன் கீரைக்குத் தானே விலை சொல்கிறாள். அழகேசன் வேன் வேலையை விட்டுவிட்டான். திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு ரயிலில் வருகிறவர்களைத் தன் சொந்த வண்டியில் போய் அழைத்து வருவது இப்போது அவன் பொறுப்பு.

போன மாதம் கோமளாவும் அழகேசனும் ஏலகிரிக்குப் போனார்கள். ரோஷினி தன் முதல் சம்பளத்தில் புக் செய்து கொடுத்த இரண்டு நாள். நாற்பத்தாறு வயதில், காசு கொடுத்து வேறொருவர் வீட்டில் தங்குவது கோமளாவுக்கு அதுதான் முதல் தடவை. ஆவடியில் ரயில் ஏறும்போதே, “கொழம்பு கல்சட்டி மேல் பலகையில கீது, நெய் டப்பா தனியா எழுதி வெச்சிருக்கேன்,” என்று சுலோசனாவுக்கு இரண்டு முறை போன் செய்தாள். மூன்றாவது முறை சுலோசனா எடுக்கவில்லை.

ஏலகிரியில் காலை ஐந்துக்கே விழிப்பு வந்துவிட்டது. படுத்திருக்க முடியவில்லை. போர்வையை மடித்தாள், தலையணை உறையை உருவினாள், மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து அறை வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டுக்காரப் பெண் ஓடி வந்தாள்.

“ஐயோ, அம்மா! நீங்க கெஸ்ட்டுங்க. வெச்சிட்டுப் போய் உக்காருங்க.”

“பழக்கம்மா. நானும் இதே தொழில்தான்,” என்று கோமளா கூச்சத்தோடு சிரித்தாள்.

“அப்ப உங்களுக்கே தெரியுமே. கெஸ்ட் பெருக்குனா நமக்கு எப்படி இருக்கும்?”

 கோமளா துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே அழகேசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எதிரே மலைச்சரிவில் பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரு டம்ளரில் காபி கொண்டு வந்து கையில் கொடுத்து, “சர்க்கரை போதுமா?” என்று கேட்டாள்.

ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கொஞ்சம் குறைவுதான். “இன்னும் அரை ஸ்பூன்,” என்று டம்ளரை நீட்டினாள் கோமளா.